தேய்ந்த பக்கம்

ஹலோ... ஹலோ... ஆங், சொல்லு த்ரிசலா, அக்காதான்... கேக்குது, கேக்குது. நீ கத்தாத... இரு, அம்மா ரூம் கதவ ஒருக்களிச்சிட்டு வரேன்... ஆங், இப்ப சொல்லு.

...

வந்தான், வந்தான். உன் புள்ள மத்தியானமே வந்து குடுத்துட்டுப் போயிட்டான்... இல்லடி, சாப்பிடல. பௌர்ணமி கிரிவலம் இல்லையா இன்னைக்கு, பஸ்ஸெல்லாம் வேங்கிக்கால் வழியாத் திருப்பி விட்டுட்டாங்க. லேட்டானா ஊர விட்டே வெளிய போவ முடியாது பெரியம்மான்னு நின்னபடிக்கு மோர் குடிச்சிட்டு ஓடிட்டான்... ஆமா, வளந்துட்டான் அஜிதன். மூக்கு அப்படியே உன்னுது.

...

உடையல. ஒரு கீறல் புதுசா இல்ல. உன் நூல் பொடவையில சுத்தி, தலகாணி உறைக்குள்ள போட்டு, அதையும் நெஞ்சோட அணைச்சிக்கினு... ஆஸ்பத்திரியிலேர்ந்து கொழந்தைய வீட்டுக்குக் கொண்டாற மாதிரி கொண்டாந்தான். இந்தப் பாட்டு ப்ளேட்டு எங்கம்மாவோட உசுரு பெரியம்மான்னான்... ஆமா, ஆமா. அதான் தெரியுமே.

...

வீடியோவா? பாத்தேன்... ஏன், பதில் போடலன்னா பாக்கலன்னு அர்த்தமா? ரெண்டு தடவ பாத்தேன். பச்சப் பொடவை உனக்கு எடுப்பா இருந்துச்சு... மாசா மாசம் கூடுறீங்களா? ... ஓ. பழைய ரெகார்டு வெச்சிருக்கறவங்க ஆளுக்கொரு ப்ளேட்ட எடுத்தாந்து, போட்டுக் காட்டி, அதுக்கு ஒரு கதை சொல்றது. நல்லாத்தான் இருக்கு. மெட்ராஸ்ல எதுக்கு வேணா ஒரு கூட்டம் கூடும்... சரி, சரி, கிண்டல் பண்ணல. அந்தக் கண்ணாடி போட்ட பெரியவரு நல்லா சொன்னாரு. நாதஸ்வர ப்ளேட்ட வெச்சிக்கினு, பொண்ணு பாக்கப் போன எடத்துல இதான் ஓடிச்சு, பொண்ணு மொகத்தப் பாக்காம ப்ளேட்டையே பாத்துக்கினு இருந்தேன்னு... ஆமா, அந்தாளு. அவரு சொன்னது நெசமா இருக்கும். அசட்டுத்தனமா இருந்துச்சு பாரு, அதான்.

...

உன்னுதா? உனக்குத்தானே ஜாஸ்தி கைதட்டல். கீர்த்தனா நம்ம சொந்தக்காரங்க குரூப்புல அழுவுற பொம்மைய வரிசையாப் போட்டிருந்தா. மத்தவங்க எல்லாம் காலேஜு, காதலுன்னு சொல்ல, நீ ஒருத்திதான் அம்மாவச் சொன்ன.

எந்த எடம் புடிச்சுதா? ... "இந்தத் தாலாட்டக் கேட்டா எனக்கு ஒரு இருட்டு ஞாபகம் வரும், அந்த இருட்டுல எங்கம்மா மடி, அந்த மடியில வேர்க்கடலை வாசனை"ன்னு சொல்லிட்டு கண்ண மூடிக்கின பாரு. அந்த எடம். அங்க நிறுத்திட்டு, மறுபடியும் மொதல்லேர்ந்து பாத்தேன்.

...

போட்டேன். அம்மாவுக்குப் போட்டேன்டி, மூச்சு விட விடு... மத்தியானம் தூங்கி எழுந்ததும் போட்டேன்... அப்பாவோட ப்ளேயர்தான். ஊசி புதுசு, நல்லாத்தான் பாடுது. போன வாரம் கூட அந்த நாடக ப்ளேட்டு போட்டேன், அப்பா கேட்டுட்டு வயித்தப் புடிச்சிக்கினு சிரிப்பாரே, அது... ஆமா, ஆமா, அந்த மாமியார் குரல்! ... அம்மா கேட்டுட்டு, அந்தாளு இன்னும் வரலையான்னுச்சு. வந்துடுவாருன்னேன். வேற என்ன சொல்றது? ... ஆமா. நானும் சிரிச்சிட்டேன்.

...

சொல்றேன். தாலாட்டுப் பக்கம்தான் போட்டேன். மொதல்ல அதத்தான் போட்டேன்.

ஒண்ணும் இல்ல.

ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல. போர்வை ஓரத்துல நூல் பிரிஞ்சிருந்துச்சு, அத இழுத்துக்கினே இருந்துச்சு... சிரிக்கல... உன் பேரா? சொல்லல... கண்ணுல தண்ணி வந்துச்சு... இல்ல இல்ல, சந்தோஷப்படாத. கொட்டாவி விட்டுச்சு, அதுல வந்த தண்ணி.

...

எடுத்தேன். நீதான் கண்டிப்பா எடுக்கச் சொன்னியே, உன் கூட்டத்துக்குக் காட்டணும்னு. அனுப்பட்டுமா? ஒரு கெழவி போர்வை நூல இழுக்குறா, பின்னாடி தாலாட்டு ஓடுது. குரூப்புலயே போட்டுடட்டுமா? ... வேணாம்னா வேணாம்.

...

ஐய, இதுக்கேவா? ... காது நல்லாத்தான் கேக்குது. பக்கத்துல குக்கர் விசில் வந்தா யாரு வீட்டுதுன்னு சொல்லுது. மறதி அப்படித்தான் த்ரிசலா. சிலது நிக்கும், சிலது போயிடும்னு டாக்டர் சொன்னாரு இல்ல. உன் தாலாட்டு போயிடுச்சு, அவ்வளவுதான். சரி, வெச்சிடட்டுமா? சோறு ஆக்கிட்டேன், பொழுது எறங்கறதுக்குள்ள சாப்பிடணும்...

என்ன "மொதல்ல"? ... ஆமா, சொன்னேன். மொதல்ல அதப் போட்டேன். அப்புறம் திருப்பிப் போட்டேன்... அந்தப் பக்கம்தான். மேளம் அடிச்சிக்கினு ஊரே குதிக்கிற மாதிரி ஒரு பாட்டு இருக்கு பாரு... நீ கேட்டதே இல்லையா? அப்பா போனதுலேர்ந்து உன்கிட்டதானே இருக்குது... சத்தமா இருக்கும், புடிக்காது. சரி. உனக்குப் புடிக்காதுதான்.

அம்மா எழுந்து உக்காந்துச்சு.

ஆமாடி, அம்மாதான். யாரும் தூக்கல. தானா எழுந்து, காலத் தொங்கப் போட்டுக்கினு, கட்டில் விளிம்புல வெரலால தாளம் தட்டிக்கினு... பேசுச்சு. பேசுச்சு... சொல்லணுமா?

வேணாம் விடு... இல்ல, பெருசா ஒண்ணும் இல்ல... சின்னப் புள்ள மாதிரி நச்சரிக்காத. சொல்லலன்னாலும் உனக்குத் தூக்கம் வராது, சொன்னாலும் வராது. எது வேணும்? ... சரி.

கதவச் சாத்துன்னுச்சு.

கதவச் சாத்து. அவ்வளவுதான்... எந்தக் கதவா? கீழ்பென்னாத்தூர் வீட்ல, கூடத்துக்கு அந்தாண்ட, ஜன்னல் இல்லாம ஒரு ரூம்பு... ஆங், அதான். கடலை மூட்டை அடுக்குற ரூம்பு. கூரை வரைக்கும் மூட்டை இருக்கும். உள்ள விட்டுச் சாத்தினா வேற என்ன வாசனை வரும்?

...

மடின்னு நான் சொல்லல. நீ சொன்ன. மைக்கப் புடிச்சிக்கினு.

...

இரு. இரு, நான் முடிச்சிக்கிறேன். நீதானே கேட்ட? உனக்கு அப்ப நாலு வயசு. சாயந்தரமானா தெருவுக்கு ஓடிடுவ. சோத்துக்குப் புடிச்சி உக்கார வெச்சா ரெண்டு வாய், அப்புறம் மறுபடியும் ஓட்டம். அதுக்குள்ள பொழுது எறங்கிடும். வெளக்கு வெச்சப்புறம் நம்ம வீட்ல சோறு உண்டா? ... தெரியும் இல்ல. இப்ப நீ பத்து மணிக்கு ஓட்டல்ல சாப்பிடுற, அது வேற. அப்ப இருட்டினா வாயக் கட்டிக்கணும். கொஞ்ச நேரத்துல உனக்குப் பசி எடுக்கும். எடுத்தா கத்துவ. அழுவறது இல்ல அது, தெருவக் கூட்டுறது.

மத்த வீட்ல குடுப்பாங்க. அதையும் சொல்லிடறேன். நம்ம ஜைன ஆளுங்க வீட்லயே, சின்னப் புள்ளைங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லன்னு பால்சோறு பெசஞ்சு ஊட்டிடுவாங்க. கோயிலுக்கு வந்த சாமியாரம்மா, அந்த மாதாஜியே, கொழந்தைக்குக் குடும்மான்னாங்க. ஆனா நம்ம அம்மா ஒரு தடவ கோயில்ல நாலு பொம்பளைங்க முன்னாடி சொல்லிடுச்சு, எங்க வீட்ல கைக்கொழந்தை கூட இருட்டினப்புறம் வாயத் தெறக்காதுன்னு. எல்லாரும் ஆகா ஆகான்னாங்க. அந்தப் பேரக் காப்பாத்த வேணாமா? நீயோ தெறந்த வாய மூட மாட்ட.

அதுக்குத்தான் அந்த ப்ளேட்டு. நீ கத்துறது பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாது. மேளப் பாட்டு. முடிஞ்சா மறுபடியும் மொதல்லேர்ந்து.

...

அப்பா எங்கயா? மண்டிக்கு மூட்டை ஏத்திக்கினு போனா ஒரு வாரம் வர மாட்டாரு. அவரு இருக்குற அன்னிக்கு ப்ளேட்டு ஓடாது. அவரு தோள்லயே தூங்கிடுவ... தெரியாது அவருக்கு. யாரு சொல்லுவா?

...

பொய்யா? எனக்கு எதுக்குடி பொய்யி? ... த்ரிசலா, நீ அந்த ப்ளேட்ட வெளிச்சத்துல வெச்சுப் பாத்திருக்கியா? துணி போட்டுத் தொடச்சித் தொடச்சி வெச்சிருக்கியே, ஒரு தடவ பாத்திருக்கியா? தாலாட்டுப் பக்கம் பளபளன்னு இருக்குது, என் மொகம் தெரியுது அதுல. அந்தப் பக்கம் ஊசி ஓடி ஓடி சாம்பல் பூத்துக் கெடக்கு. ஆளு நடந்து நடந்து புல்லு செத்த பாதை மாதிரி. தெனம் தாலாட்டு போட்டிருந்தா எது தேஞ்சிருக்கணும்? ... சொல்லு... இல்ல, நீ சொல்லு.

...

அப்ப தாலாட்டு உனக்கு எப்படித் தெரியும்? நல்ல கேள்வி. கேக்க மாட்டியோன்னு நெனச்சேன்.

நீ அழுது ஓஞ்சி மூட்டை மேலயே சாஞ்சிடுவ. அம்மா போய்ப் படுத்துடும். ப்ளேட்ட எடுத்து உறையில போட்டு வெக்கிறது என் வேலை. சில நாளு உடனே எடுக்க மாட்டேன். திருப்பிப் போடுவேன். சத்தத்தக் கம்மியா வெச்சிட்டு, காத அதுகிட்டயே வெச்சிக்கினு கேப்பேன்... உனக்கில்ல. எனக்கு. எனக்கு யாரு பாடினா? கதவுச் சந்துல உனக்கும் கேட்டிருக்கும் போல. தூக்கத்துல கேட்டத எடுத்துக்கினு போயி அம்மா மேல போட்டுட்ட.

ஆமா. எனக்கும் அதான் புடிச்ச ப்ளேட்டு. கூட்டத்துல போயிச் சொல்லல, அதனால இல்லன்னு ஆயிடுமா? அப்பா கருமாதி முடிஞ்ச அன்னிக்கு, எல்லா ப்ளேட்டையும் நீயே வெச்சுக்கோ அக்கா, எனக்கு இது ஒண்ணு போதும்னு நீ கேட்ட. எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க. குடுத்துட்டேன்.

...

மேளப் பக்கத்த யாரு போட்டாங்களா? அம்மா சொல்லும், நான் போடுவேன். முக்காலி மேல ஏறி நின்னு... ஒம்பது வயசு. பத்தா இருக்கலாம்... தெறந்திருக்கலாம். ஏன் தெறக்கல? நான் நேரத்துக்குச் சாப்பிட்டவடி. நல்ல புள்ள. நல்ல புள்ளைங்க கதவத் தெறக்காது.

...

என்ன? ... மெதுவாச் சொல்லு, அழுதுக்கினே சொன்னா புரியல... வெல்லமா? இருட்டுல ஒரு கை வந்து... ஓ. அது ஞாபகம் இருக்குதா உனக்கு? அத நீ வீடியோவுல சொல்லலையே. அத மட்டும் உள்ளயே வெச்சிருந்தியா? ... அதையும் அம்மான்னு நெனச்சிட்டியா?

அது பொன்னி.

பாத்திரம் தேய்க்க வருமே, ஒல்லியா, மூக்குத்தி போட்டுக்கினு... மறந்துட்டியா? நல்லா இருக்கு. மூட்டை எறக்கறதுக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு உண்டு. அது வழியா வந்து கைய நீட்டும். வெல்லத்த இடுப்புல முடிஞ்சி வெச்சிருக்கும், அதுவும் வேர்க்கடலையும்... கொஞ்ச நாளுதான். அம்மாவுக்குத் தெரிஞ்சிது, நாளையிலேர்ந்து வர வேணாம்னுடுச்சு.

எப்படித் தெரிஞ்சிதா? ... தெரிஞ்சிது. வீட்ல எத்தன பேரு இருந்தோம், நீயே யோசிச்சுக்கோ.

...

திட்டு. திட்டு, பரவால்ல.

...

ஏன் சொல்றேனா? நீ நாலு பேரு முன்னாடி சொல்லிட்டியே, அதனால. நீயும் அம்மா மாதிரிதான் த்ரிசலா. கூட்டத்துல ஒண்ணு சொல்லிட்டா, அப்புறம் அது நெசமா இருந்தாகணும். அதுக்கு வீட்ல இருக்கறவ வீடியோ எடுத்து அனுப்பணும். அம்மா கண்ணத் தொடைக்கிற மாதிரி, உன் பேரச் சொல்ற மாதிரி.

உன் பேரச் சொல்லலன்னு அழுதியே. என் பேரச் சொல்லி எவ்வளவு நாளாச்சு, கேட்டியா? நான்தான் குளிப்பாட்டுறேன். நான்தான் தல வாருறேன். லீவு போட்டுப் போட்டு ஆபீசுல என்னப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்கிறாங்க. வாயில சோத்த ஊட்டி முடிச்சா, நீ போய்ச் சாப்பிடு பொன்னின்னுது. ஆமா. நான் பொன்னி. நான் சுனந்தாம்மான்னா, எந்த சுனந்தான்னு கேக்குது. சிரிப்பா இல்ல? ... நீ சிரிக்கலன்னா நான் சிரிச்சிக்கிறேன்.

...

உன்ன ஞாபகம் இருக்குது.

அதத்தான் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். தெனம் வெளக்குப் போட்டதும் கேக்கும், அது அழுவுதான்னு. அதுன்னா நீதான். ப்ளேட்டே வேணாம், தானா கேக்கும். நான் இல்லம்மான்னா நம்பாது, காதத் தீட்டிக்கினு உக்காந்திருக்கும். உள்ள போட்டு அடைச்ச புள்ளைய மறக்கல. கூடவே நின்னு ப்ளேட்டத் திருப்பின புள்ளைய மறந்துடுச்சு... இல்ல, பாசம்னு சொல்லாத. அத மட்டும் சொல்லாத. அது பாசம்னா, எனக்கு அது கூட இல்லன்னு ஆயிடும்.

...

ஞாயித்துக்கெழம வரியா? வா. கூட்டிக்கினு போறியா? தாராளமா. நல்ல பொடவையா கட்டி விடறேன். உன் கூட்டத்துல மேடையேத்தி உக்கார வெச்சு மேளப் பக்கத்தப் போடு. தாளம் தட்டும். கதவச் சாத்துன்னும் பாரு, எல்லாரும் கை தட்டுவாங்க. கீர்த்தனா பொம்ம போடுவா.

...

வர மாட்டியா? இப்பதானே வரேன்ன... உன் இஷ்டம். ப்ளேட்ட என்ன பண்றது, அனுப்பட்டுமா? ... வேணாமா? நெசமாவே வேணாமா? ... சரி. இங்கயே இருக்கட்டும்.

...

இரு, அம்மா கூப்பிடுது... தோ வரேம்மா... அடடா, வெளக்குக் கூடப் போடல நான். சூரியன் மலைக்குப் பின்னால போயிடுச்சு. உன்கிட்ட பேசிக்கினே இருந்துட்டேன், ஆக்கின சோறு அப்படியே கெடக்குது. இனிமே எங்க சாப்பிடுறது? ... நீ வெச்சிடாத, லைன்லயே இரு. ஃபோன கையிலதான் வெச்சிருக்கேன்.

என்னம்மா? ... ஆமா, பொன்னிதான்... இல்லம்மா. ஒண்ணும் குடுக்கல. வெல்லம் எல்லாம் ஒண்ணும் குடுக்கல... கைய வேணா பாரு, வெறுங்கை.

...

புள்ளையா?

...

த்ரிசலா, கேக்குதா உனக்கு? நாள் பூரா அந்த ஒரு வார்த்தைக்கு மேல பேசாதது, இப்ப பாரு அழுவுதான்னு எப்படிக் கேக்குதுன்னு... வாய மூடுன்னு சொல்லல. அழு. நல்லா அழு.

ஆமாம்மா. அழுவுது. இன்னும் அழுவுது.

...

சரிம்மா. போடுறேன்... அந்தப் பக்கம்தான், தெரியும்... தோ, போட்டுட்டேன். போதுமா சத்தம்? ... இன்னும் ஜாஸ்தியாவா? ... சரி.

...

கதவா? ... தோ, சாத்திடறேம்மா.